இளம் உயிர் மருத்துவ ஆராய்ச்சியாளர்களுக்கு அரசு உதவி: பெங்களூர் தரும் பாடங்கள்

ஆராய்ச்சிக்கென அரசு ஒதுக்கும் நிதி கட்டடங்களாகவும் கருவிகளாகவும் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆனால் அந்தக் கட்டடத்தினுள் அமர்ந்து, அந்தக் கருவியை இயக்கி, பல்லாண்டுகள் பொறுமையுடன் உழைக்கின்ற இளைஞருக்குச் செலவிடப்படும் தொகை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உயிர் மருத்துவத் துறையில் இத்தொகையே முதன்மையான முதலீடு ஆகும். ஒரு பெரும் நுண்ணோக்கியை ஓராண்டிற்குள் வாங்கிவிடலாம். அதன் வழியே நோயின் தன்மையை அறியவல்ல விஞ்ஞானியை உருவாக்கக் குறைந்தது பத்தாண்டுகள் தேவை.

2020ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்று பரவியபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. பெங்களூரில் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனமாகிய நிம்ஹான்ஸும், தேசிய உயிரியல் விஞ்ஞான மையமும், ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெம்மும் பரிசோதனைப் பணியில் இறங்கின. அவ்வாண்டு டிசம்பரில் வைரசின் மரபணு மாற்றங்களைக் கண்காணிக்க மத்திய அரசு அமைத்த கூட்டமைப்பில் முதலில் இடம்பெற்ற பத்து ஆய்வுக்கூடங்களுள் இரண்டு பெங்களூரைச் சேர்ந்தவை. இப்பணிக்கு வேண்டிய பயிற்சி பெற்ற கைகளை அவ்வாண்டில் புதிதாகத் தேடியிருக்க இயலாது. அவை முந்தைய ஆண்டுகளில் உதவித்தொகைகளும் பயிற்சி நல்கைகளும் உருவாக்கி வைத்தவை.

அவ்வுதவிகள் யாவை, அவை எவ்வாறு இயங்குகின்றன, எவ்விடத்தில் தளர்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஒரே நகரில் பல அமைச்சகங்கள்

இவ்வாய்வுக்குப் பெங்களூரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. உயிரியல், மருத்துவ ஆராய்ச்சி நிறுவனங்கள் இத்தனை நெருக்கமாக அமைந்துள்ள நகரங்கள் இந்தியாவில் மிகச் சிலவே. அத்துடன், அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அமைச்சகத்தின் அல்லது துறையின் கீழ் உள்ளன.

1909ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகம் மத்தியக் கல்வி அமைச்சகத்தைச் சார்ந்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓர் அங்கமாகிய தேசிய உயிரியல் விஞ்ஞான மையம் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகின்றது. 1989இல் ஜக்கூரில் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு உயர்நிலை ஆராய்ச்சி மையம் விஞ்ஞான தொழில்நுட்பத் துறைக்கு உரியது. 2009இல் தொடங்கப்பட்ட இன்ஸ்டெம் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிறுவனம். 1974இல் இரு நிறுவனங்களை இணைத்து அமைக்கப்பட்ட நிம்ஹான்ஸ் சுகாதார அமைச்சகத்தைச் சார்ந்தது. கிட்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் மாநில அரசினுடையது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியும் அதன் ஆராய்ச்சி நிறுவனமும் அரசு சாராதவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நோய்த் தகவல்களைத் தொகுப்பதற்கென நடத்தும் தேசிய மையமும் இந்நகரில் உள்ளது.

எனவே ஒரே பேருந்தில் ஏறி அருகருகே உள்ள நிறுவனங்களில் இறங்கும் இரு ஆராய்ச்சி மாணவர்கள் வெவ்வேறு துறைகளின் உத்தரவுகளுக்கு உட்பட்டவர்களாக இருக்கலாம். ஒருவருக்கு மாதந்தோறும் தொகை வரலாம். மற்றவருக்கு ஆறு மாத நிலுவை சேர்ந்து வரலாம். இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ள உதவித்தொகைகளின் வரலாற்றைச் சற்று அறிதல் வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

இந்திய இளைஞர் உயர்கல்வி பெறுவதற்கான உதவி முதலில் தனியார் கொடையாகவே தோன்றியது. 1892ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா உயர்கல்விக்கென ஓர் அறநிதியை நிறுவி, வெளிநாடு சென்று பயில விரும்பியோருக்குக் கடன் உதவித்தொகை வழங்கினார். இந்திய மண்ணிலேயே ஆராய்ச்சிக் கூடம் வேண்டும் என்ற அவரது எண்ணத்தின் விளைவே, மைசூர் அரசு அளித்த 371 ஏக்கர் நிலத்தில் எழுந்த இந்திய விஞ்ஞானக் கழகம் ஆகும்.

மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசு நிதி வழங்கும் முறை 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் அமைக்கப்பட்டபோது உருப்பெற்றது. அச்சங்கமே 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1942இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலும், 1971இல் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையும், 1986இல் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தோன்றின. ஒவ்வோர் அமைப்பும் தன் தேவைக்கேற்பத் தனித்தனி உதவித்தொகைத் திட்டங்களை வகுத்தது. இதனால் வாய்ப்புகள் பெருகின, விதிகளும் பெருகின.

முதற்படி: டாக்டர் பட்டத்திற்கான உதவித்தொகை

முதுகலைப் பட்டம் பெற்ற மாணவர் ஆராய்ச்சியில் நுழையும் வாயில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை ஆகும். மாணவர் வழக்கில் இது ‘ஜே.ஆர்.எஃப்.’ எனப்படும். உயிரியல் மாணவர்கள் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலும் பல்கலைக்கழக மானியக் குழுவும் இணைந்து வழங்கும் தகுதித் தேர்வின் மூலமோ, உயிரித் தொழில்நுட்பத் துறையின் தகுதித் தேர்வின் மூலமோ இதனைப் பெறலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தனியாக வழங்கி வந்துள்ளது.

முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாணவரின் முன்னேற்றம் மதிப்பிடப்பட்டு, அவர் முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு உயர்த்தப்படுகின்றார். பொதுவாக மொத்தக் காலம் ஐந்து ஆண்டுகள். 2018இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை இவற்றினும் உயர்ந்தது. அது மாதம் 70,000 ரூபாயில் தொடங்கி, நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் 80,000 ரூபாயை எட்டும் வகையில் வகுக்கப்பட்டது. ஆண்டிற்கு 2 லட்சம் ரூபாய் ஆய்வுச் செலவிற்கும் உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகம் இதனை நடத்தும் நிறுவனங்களுள் ஒன்று. ஆயினும் இதனைப் பெறுவோர் சிலரே. பெரும்பான்மையோர் பொது விகிதத்திலேயே உள்ளனர்.

ஐந்தாண்டு என்ற வரையறை உயிர் மருத்துவத் துறைக்கு எப்போதும் பொருந்துவதில்லை. மரபணு மாற்றிய சுண்டெலிகளை வளர்த்துத் தலைமுறை தலைமுறையாக ஆராய்வதற்கும், நோயாளிகளிடம் மாதிரி திரட்ட நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறுவதற்கும், வெளிநாட்டிலிருந்து வேதிப்பொருள் வந்து சேர்வதற்கும் ஆகும் காலத்தை மாணவர் கட்டுப்படுத்த இயலாது. உதவித்தொகை முடிந்த பின்னும் ஆய்வேடு முடியாத நிலை பலருக்கு ஏற்படுகின்றது. அந்த ஆறாம் ஆண்டு, மாணவர் தம் வீட்டாரை நாடியோ, ஆசிரியரின் திட்ட நிதியை நம்பியோ கழிக்க வேண்டிய ஆண்டாகின்றது.

இரண்டாம் படி: பட்டத்திற்குப் பின்

டாக்டர் பட்டம் பெற்றவர் உடனே தனி ஆய்வுக்கூடம் நடத்தும் தகுதி பெற்றுவிடுவதில்லை. மற்றொரு கூடத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பணிபுரிந்து புதிய முறைகளைக் கற்பது உலகெங்கும் வழக்கம். முன்னாளில் இந்திய இளைஞர் பலர் இதற்கென வெளிநாடு சென்று அங்கேயே தங்கினர். உள்நாட்டில் இப்படி வலுவாக அமையாததே அதற்கு ஒரு காரணம்.

இக்குறையை நீக்க மேற்கொண்ட முயற்சிகளுள் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆராய்ச்சி இணைநிலைத் திட்டம் குறிப்பிடத்தக்கது. நாடு முழுவதற்குமான இத்திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தேர்வு பெற்றவர் தாம் விரும்பும் நிறுவனத்தில் பணியாற்றலாம் என்பது இதன் சிறப்பு.

2008ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்புமுனை. உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சம பங்கில் நிதியளித்து ‘இந்தியா அலையன்ஸ்’ என்ற அமைப்பை நிறுவின. இதன் அலுவலகம் ஹைதராபாத்தில் இருப்பினும், பெங்களூர் நிறுவனங்கள் இதனால் பெரிதும் பயனடைந்தன. இதன் உதவித்தொகைகள் தொடக்க நிலை, இடைநிலை, மூத்த நிலை என வகுக்கப்பட்டு, ஐந்தாண்டுக் காலத்திற்கு வழங்கப்பட்டன. நிரந்தரப் பதவி இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வயதை விட ஆராய்ச்சி அனுபவத்தின் ஆண்டுகளே கணக்கில் கொள்ளப்பட்டன. ஊதியத்துடன் ஆய்வுச் செலவும், பயணச் செலவும் ஒரே நல்கையில் அடங்கின. ஓர் இளம் விஞ்ஞானி தம் கருத்தைத் தாமே எழுதி, வல்லுநர் முன் வாதாடி, அதற்கான நிதியைத் தம் பெயரில் பெறும் முறை இதனால் வலுப்பெற்றது.

2025 அக்டோபர் 1 அன்று மத்திய அமைச்சரவை இத்திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மொத்த மதிப்பு 1,500 கோடி ரூபாய். இதில் 1,000 கோடி உயிரித் தொழில்நுட்பத் துறையின் பங்கு. 500 கோடி வெல்கமின் பங்கு. தொடக்கத்தில் சம பங்காக இருந்த சுமையில் மூன்றில் இரு பகுதியை இந்திய அரசு ஏற்றுள்ளமை கவனிக்கத்தக்கது. வெளிநாட்டு அறக்கட்டளையின் கையை மட்டுமே பற்றி நடக்கும் நிலையிலிருந்து நாடு விலகி வருகின்றது என இதனைக் கொள்ளலாம்.

மூன்றாம் படி: சொந்த ஆய்வுக்கூடம்

பயிற்சி முடித்தவர் தனித்து நிற்கத் தொடங்கும் காலமே மிகவும் இடர் நிறைந்தது. பதவி இருக்கும், அறை இருக்கும். குளிர்பதனப் பெட்டி வாங்கவும் பணம் இராது. இந்நிலைக்கென மூன்று வகை உதவிகள் வகுக்கப்பட்டுள்ளன.

முதல் வகை, வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கானது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகவும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநராகவும் விளங்கிய நோய்க்கூற்றியல் அறிஞர் வி. ராமலிங்கசுவாமியின் பெயரால் உயிரித் தொழில்நுட்பத் துறை வழங்கும் மீள்நுழைவு உதவித்தொகை இவ்வகையில் புகழ் பெற்றது.

இரண்டாம் வகை, பதவி கிடைக்கு முன்னரே ஆசிரியருக்கு நிகரான நிலை தருவது. 2008 டிசம்பரில் தொடங்கப்பட்ட இன்ஸ்பயர் திட்டத்தின் ஆசிரியர் பிரிவு இத்தகையது. ஐந்தாண்டுகளுக்கு மாதம் 1,25,000 ரூபாயும், ஆய்வுக்கென ஆண்டிற்கு 7 லட்சம் ரூபாயும் தரும் வகையில் இது அமைந்தது.

மூன்றாம் வகை, பதவியில் புதிதாகச் சேர்ந்தவருக்கான தொடக்க நல்கை. முன்பு விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இரண்டு ஆண்டுகளுக்கு 30 லட்சம் ரூபாய் வரை வழங்கியது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துள் அவ்வாரியம் அடங்கிய பின், 2024இல் பிரதமர் இளம் ஆராய்ச்சியாளர் நல்கை அறிவிக்கப்பட்டது. இது மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை வழங்குவது. தொகை இரட்டிப்பானதுடன் காலமும் ஓராண்டு நீண்டது.

இம்மூன்று படிகளையும் ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகும். ஒவ்வொரு படியும் தனித்தனியே நன்கு கட்டப்பட்டுள்ளது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே உள்ள வெளியைக் கடக்கப் பாலம் இல்லை. ஒரு திட்டம் ஜூன் மாதத்தில் முடிய, அடுத்த திட்டத்தின் முடிவு மறு ஆண்டு மார்ச்சில் வெளிவருமானால், இடைப்பட்ட ஒன்பது மாதங்கள் எந்தத் துறையின் கணக்கிலும் இல்லாத மாதங்கள் ஆகும்.

தொகையின் உண்மை மதிப்பு

பொருளாதார மாணவர் எவரும் எழுப்பும் முதற்கேள்வி, இத்தொகை விலைவாசிக்கு ஈடு கொடுக்கின்றதா என்பதே. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2010 ஏப்ரலில் மாதம் 16,000 ரூபாயாக இருந்தது. அது 2014 அக்டோபரில் 25,000 ஆகவும், 2019 ஜனவரியில் 31,000 ஆகவும், 2023 ஜனவரியில் 37,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. முதுநிலை உதவித்தொகை இதே காலத்தில் 18,000 ரூபாயிலிருந்து 42,000 ரூபாயை எட்டியது.

உயர்வுகளை விழுக்காட்டில் கணக்கிட்டால் வேறொரு தோற்றம் தென்படும். 2014ஆம் ஆண்டு உயர்வு 56 விழுக்காடு. 2019இல் 24 விழுக்காடு. 2023இல் 19 விழுக்காடு. ஆண்டுச் சராசரியாக நோக்கின், முதல் இடைவெளியில் சுமார் 10.4 விழுக்காடும், இரண்டாவதில் 5.2 விழுக்காடும், மூன்றாவதில் 4.5 விழுக்காடும் ஆகும். உயர்வின் வேகம் படிப்படியாகக் குறைந்துள்ளது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஆண்டிற்கு இருமுறை திருத்தப்படுகின்றது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அகவிலைப்படி கிடையாது. எனவே ஒரு திருத்தத்திற்கும் அடுத்த திருத்தத்திற்கும் இடைப்பட்ட நான்காண்டுகளில் விலைவாசி உயர்வின் முழுச் சுமையையும் மாணவரே தாங்குகின்றார். முதலாம் ஆண்டில் 31,000 ரூபாயில் அடங்கிய செலவு, ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை உயரும் எனக் கொண்டால், நான்காண்டு முடிவில் சுமார் 37,700 ரூபாய் ஆகிவிடும். அதாவது, 2023இல் கிடைத்த 37,000 ரூபாய் பெரும்பாலும் இழந்த மதிப்பை மீட்டுத் தந்ததேயன்றிப் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. 2018 இறுதியில் பெங்களூர் உட்படப் பல நகரங்களில் ஆராய்ச்சி மாணவர் வீதிக்கு வந்து உயர்வு கோரியதன் பின்னணி இதுவே.

வீட்டு வாடகைப்படி ஓரளவு துணை செய்கின்றது. மத்திய அரசின் வகைப்பாட்டில் பெங்களூர் முதல் வகை நகரம். 30 விழுக்காடு விகிதத்தில், 37,000 ரூபாய் பெறும் மாணவருக்கு வாடகைப்படி 11,100 ரூபாய் ஆகும். விடுதியில் இடம் பெற்றவருக்கு இப்படி இல்லை. விடுதி கிடைக்காதவர், தகவல் தொழில்நுட்ப ஊழியரோடு போட்டியிட்டு வீடு தேட வேண்டிய நகரில் அத்தொகையைக் கொண்டு சமாளிக்கின்றார். வாடகைக்கு முன்பணமாகப் பல மாதத் தொகை கேட்கப்படுவது இந்நகரின் வழக்கம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பணம் வந்து சேரும் வழி

தொகை எவ்வளவு என்பதற்கு இணையான கேள்வி, அது எப்போது வந்து சேர்கின்றது என்பதாகும். அதிகாரிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே.

நல்கை வழங்கும் துறை ஆண்டுதோறும் நிறுவனத்திற்குப் பணம் விடுவிக்கின்றது. அடுத்த தவணையைப் பெற, நிறுவனம் பயன்பாட்டுச் சான்றிதழையும் செலவுக் கணக்கையும் அனுப்ப வேண்டும். 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இதற்கெனத் தனிப் படிவம் வகுத்துள்ளன. மார்ச் 31 அன்று நிதியாண்டு முடிகின்றது. கணக்குகள் தொகுக்கப்பட்டு, தணிக்கை பெற்று, துறையை அடைந்து, ஆராயப்பட்டு, புதிய தவணை வெளிவர ஜூலையோ செப்டம்பரோ ஆகலாம். நிறுவனத்திற்குச் சொந்த இருப்பு நிதி இருந்தால் அக்காலத்தில் முன்பணம் தரும். இல்லையெனில் மாணவர் காத்திருப்பார்.

2022ஆம் ஆண்டில் மத்திய நிதி அமைச்சகம் மத்தியத் துறைத் திட்டங்களுக்கான நிதிப் போக்கைத் திருத்தி அமைத்தது. ஒவ்வொரு திட்டத்திற்கும் ஒரு மைய முகமை. அதன் கீழ் நிறுவனங்களுக்கு இருப்பு இல்லாத துணைக் கணக்குகள். தேவைப்படும் போது மட்டும் பணம் எடுத்தல் என்பது இதன் சாரம். நோக்கம் சிறந்தது. அரசு ஒருபுறம் வட்டிக்குக் கடன் வாங்க, மறுபுறம் பல்லாயிரம் வங்கிக் கணக்குகளில் அரசுப் பணம் பயனின்றித் தேங்கிக் கிடப்பதை இது தடுக்கின்றது. ஆயினும் கணக்குகளைத் திறத்தல், பழைய இருப்பைத் திருப்பிச் செலுத்தல், புதிய மென்பொருளைக் கற்றல் ஆகியவற்றுக்கு இடையே பல ஆய்வுத் திட்டங்களில் மாதாந்தரத் தொகை தாமதமாயிற்று. சாலைக் கட்டுமானத்தில் மூன்று மாதத் தாமதம் ஒப்பந்ததாரரின் வட்டிச் செலவாக முடியும். உதவித்தொகையில் அதே தாமதம் ஒருவரின் உணவும் வாடகையும் ஆகும். உயிருள்ள செல்களையும் விலங்குகளையும் பராமரிக்கும் கூடத்திலோ, பணம் நின்ற மாதத்தில் ஈராண்டு உழைப்பு அழிந்துபோகும்.

கொள்முதல் விதிகளும் இத்தகையனவே. அரசின் மின்னணுச் சந்தை மேசை நாற்காலிக்குப் பொருந்தும். ஒரே ஒரு நிறுவனம் தயாரிக்கும் எதிர்ப்பொருளுக்குப் பொருந்துவது அரிது. 2025 ஜூனில் நிதி அமைச்சகம் விஞ்ஞான நிறுவனங்களுக்கு இதில் தளர்வு அளித்தது. விலைப்புள்ளி பெறாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாய்க்கும், கொள்முதல் குழு மூலம் வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சம் ரூபாய்க்கும் உயர்த்தப்பட்டது. விஞ்ஞானிகளின் நெடுநாள் கோரிக்கை ஒன்று இவ்வாறு நிறைவேறியது. விதி மனம் வைத்தால் மாறும் என்பதற்கு இது சான்று.

மருத்துவரும் மகளிரும்

நோயாளியை அறிந்தவர் ஆய்வுக்கூடத்தையும் அறிந்திருத்தல் மருத்துவ ஆராய்ச்சியின் உயிர்நாடி. ஆனால் எம்.டி. முடித்த மருத்துவர் மருத்துவமனையில் பெறக்கூடிய வருவாயுடன் ஆராய்ச்சி உதவித்தொகையை ஒப்பிடவே இயலாது. ஆராய்ச்சிக்கு வரும் மருத்துவர் உதவித்தொகையைப் பெறுகின்றார் என்பதை விட, வருவாயைத் துறக்கின்றார் என்பதே பொருளாதார உண்மை. ஆதலால் இவர்களை இளமையிலேயே ஈர்க்க வேண்டியுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979இல் தொடங்கிய குறுங்கால மாணவர் திட்டம், எம்.பி.பி.எஸ். மாணவரை இரண்டு மாத ஆய்வில் ஈடுபடுத்துவது. சிறு தொகையில் பெரும் பயன் விளைவிக்கும் திட்டம் இது. இந்தியா அலையன்சின் மருத்துவ, பொதுச் சுகாதாரப் பிரிவு டாக்டர் பட்டம் இல்லாத மருத்துவரையும் ஏற்றது மற்றொரு நற்செயல். இந்திய விஞ்ஞானக் கழகம் 2022இல் அறிவித்த முதுநிலை மருத்துவப் பள்ளியும் 800 படுக்கை மருத்துவமனையும் மருத்துவரையும் விஞ்ஞானியையும் ஒருவராகவே உருவாக்கும் நோக்கம் கொண்டவை. இதற்கு 425 கோடி ரூபாய் தனியார் கொடையாகக் கிடைத்தது என்பது, 1892இல் தோன்றிய மரபு இந்நகரில் மறையவில்லை என்பதைக் காட்டுகின்றது.

மகளிர் நிலையும் தனியே எண்ணத்தக்கது. கமலா சோஹோனி 1933இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர விரும்பியபோது பெண் என்பதால் முதலில் மறுக்கப்பட்டார். பின்னர் நிபந்தனைகளுடன் சேர்க்கப்பட்டார். 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவ்வுயிர்வேதியியலறிஞரின் நாட்களில் இருந்த தடை வெளிப்படையானது. இன்றைய தடை மறைவானது. டாக்டர் பட்டத்திற்கும் நிரந்தரப் பதவிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளும், மணமும் மகப்பேறும் அமையும் ஆண்டுகளும் ஒன்றே. இக்காலத்தில் விலகிய பெண்கள் மீண்டும் நுழைய விஞ்ஞான தொழில்நுட்பத் துறையும், 2011 முதல் ‘பயோகேர்’ திட்டத்தின் மூலம் உயிரித் தொழில்நுட்பத் துறையும் உதவி வந்துள்ளன. மேலே கூறிய மூன்றாம் கட்டத் திட்டமும் மகளிருக்கான ஆதரவை 10 முதல் 15 விழுக்காடு வரை கூட்ட உறுதி பூண்டுள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், விலகியவரைத் திரும்ப அழைப்பதினும் விலகாமற் காப்பது செலவு குறைந்தது. குழந்தைக் காப்பகமும், மகப்பேற்று விடுப்புக் காலத்திற்கு ஈடாக உதவித்தொகையை நீட்டித்தலும் அதற்கான நேர்வழிகள்.

செய்யத்தக்கவை

அமெரிக்காவில் நிதி மிகுதியாக இருந்தும், டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் தம் முதல் பெரிய தனி நல்கையைப் பெறும் சராசரி வயது நாற்பதைக் கடந்தது. அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் 2006இல் இதற்கு ஒரு மாற்றுக் கண்டது. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு ஆண்டு வரை வழிகாட்டியின் கீழ்ப் பயிற்சி, அதன் பின் மூன்று ஆண்டு வரை சுதந்திர ஆராய்ச்சி எனத் தொடர் நல்கை வழங்கியது. படிகளுக்கு இடையே பாலம் அமைப்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நம் நாட்டிற்கு ஏற்றவை எனச் சிலவற்றைக் கூறலாம். முதலாவதாக, உதவித்தொகையை விலைவாசிக் குறியீட்டுடன் இணைத்து ஆண்டுதோறும் தானே உயரச் செய்யலாம். நான்காண்டுக்கு ஒருமுறை பெரிய உயர்வு தருவதினும் இது அரசுக்கும் திட்டமிட எளிது. இரண்டாவதாக, மனித ஊதியத்திற்கான பகுதியைப் பிற ஆய்வுச் செலவிலிருந்து பிரித்து, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான தொகையைக் கணக்கு முடிவிற்குக் காத்திராமல் விடுவிக்கலாம். மூன்றாவதாக, ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு சுழல் நிதி அமைத்து, தாமதமாகும் மாதங்களில் முன்பணம் வழங்கலாம். நாற்பது மாணவர் உள்ள நிறுவனத்திற்கு மூன்று மாதத் தொகை, மாதம் 37,000 ரூபாய் வீதம், சுமார் 44 லட்சம் ரூபாயே ஆகும். அதுவும் செலவு அன்று. திரும்பி வரும் கடன். நான்காவதாக, பல துறைகளின் விண்ணப்பப் படிவம், காலக்கெடு, முடிவு வெளியிடும் நாள் ஆகியவற்றை ஒரே நாட்காட்டியில் ஒழுங்குபடுத்தலாம்.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. நல்ல நூலகமும் பெயர் பெற்ற வழிகாட்டியும் உள்ள நிறுவனத்தின் மாணவரே போட்டியில் வெல்வார். அதனால் பெங்களூர் போன்ற நகரங்களுக்கே நிதி மீண்டும் மீண்டும் சென்றடைகின்றது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயிலும் திறமிக்க மாணவருக்கு விண்ணப்பம் எழுதும் கலையைக் கற்பிப்பாரும் இலர். 2009 முதல் இளம் ஆய்வாளர் கூட்டங்களை நடத்திவரும், பெங்களூரில் இயங்கும் இந்தியா பயோசயன்ஸ் போன்ற அமைப்புகள் இக்குறையை ஓரளவு நீக்க முயல்கின்றன. பெங்களூரில் பயிற்சி பெற்றவர் கலபுரகியிலோ திருநெல்வேலியிலோ ஆய்வுக்கூடம் அமைக்க முன்வந்தால், அவருக்குக் கூடுதல் தொடக்க நல்கை தருவது சிறந்த பிராந்தியக் கொள்கை ஆகும்.

முடிவுரை

2020-21ஆம் ஆண்டில் இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டிற்கும் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. இச்சிறு பங்கினுள்ளும் இளம் ஆராய்ச்சியாளரின் மாதத் தொகை ஒரு பகுதியே. அதனை உரிய நாளில், உரிய அளவில் வழங்குவதற்குப் பெரிய நிதி தேவையில்லை, ஒழுங்கு தேவை.

உதவித்தொகையை மாணவருக்குச் செய்யும் சலுகையாகக் கருதும் மனப்பான்மை அலுவலகங்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அது சலுகை அன்று. நாட்டிற்காகச் செய்யப்படும் வேலைக்குரிய ஈடு. இருபத்தைந்து வயதில் ஆய்வுக்கூடத்தில் நுழைந்தவர் முப்பத்தைந்தாம் வயதிலும் அங்கேயே இருக்கின்றாரா என்பதே இத்திட்டங்கள் அனைத்தின் வெற்றியையும் அளக்கும் கோல். ஒரு கோப்பு மேசையில் தங்கும் ஒவ்வொரு மாதமும் அந்த அளவுகோலில் பதிவாகின்றது என்பதை, அதனைக் கையாளும் அதிகாரியும், நாளை அவ்விடத்தில் அமரப்போகும் மாணவரும் மனங்கொள்ளுதல் நலம்.